ஜூன் 2, 1950: ஆறு நாடுகளோடு பிரிட்டன் ஏன் சேரவில்லை?

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் பற்றிய பாடத்தை நடத்தும்போது, ஐரோப்பிய ஒன்றியம் வரும் இடத்தில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். நிலக்கரி, எஃகு சமூகத்தை முதலில் அமைத்த ஆறு நாடுகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவேன். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். எழுதி முடித்துத் திரும்புவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: “இங்கிலாந்து எங்க டீச்சர்?”

கேட்பதில் நியாயம் இருக்கிறது. முந்தைய பாடத்தில்தான் ஹிட்லரை எதிர்த்துத் தனியாக நின்ற நாடு என்று படித்திருப்பார்கள். போரில் வென்ற நாடு, மக்களாட்சி நாடு, அண்டை நாடு. ஐரோப்பா ஒன்றுசேரும்போது அது மட்டும் ஏன் வெளியே நிற்கிறது?

இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். “பேரரசாக இருந்த நாடு இல்லையா, திமிர் போகவில்லை.” அதோடு ஒரு கதையும் சொல்வேன். 1955இல் ஆறு நாடுகளும் பொதுச்சந்தை பற்றி பிரஸ்ஸல்ஸ் நகரில் பேசிக்கொண்டிருந்தன. பிரிட்டன் சார்பில் ரஸ்ஸல் பிரெதர்ட்டன் என்ற வணிகத்துறை அதிகாரி போயிருந்தார். ஒருநாள் அவர் எழுந்து, ‘நீங்கள் பேசும் ஒப்பந்தம் உருவாகப் போவதில்லை, உருவானாலும் யாரும் ஏற்கப் போவதில்லை, ஏற்றாலும் செயல்படப் போவதில்லை’ என்று சொல்லிவிட்டு வெளியேறினார் என்பது கதை. நடித்துக் காட்டுவேன். வகுப்பு சிரிக்கும். மணி அடிக்கும். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

ஒரு பணியிடைப் பயிற்சியில் கருத்தாளராக இந்தப் பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. சக ஆசிரியர்கள் முன்னால் பேசுவதாயிற்றே என்று கொஞ்சம் கூடுதலாகப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் நடித்துக் காட்டிய அந்தப் பேச்சுக்கு ஆவணச் சான்று கிடையாது என்று. பல ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்டு, புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவிய கதை அது. பிரெதர்ட்டன் அங்கிருந்து லண்டனுக்கு உண்மையில் எழுதியது வேறு. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். கதை பொய் என்றால், அதைத் தாங்கிப் பிடித்த என் ‘திமிர்’ விளக்கம் எவ்வளவு தூரம் நிற்கும் என்ற சந்தேகம் வந்துவிட்டது.

நான் மறந்துபோயிருந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒற்றுமைக்கு எதிரி அல்ல. 1940 ஜூன் 16 அன்று, பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்துகொண்டிருந்த வேளையில், இரு நாடுகளும் ஒரே ஒன்றியமாக, ஒரே குடியுரிமையோடு இணையலாம் என்று சர்ச்சில் அரசே பிரான்சுக்கு முன்மொழிந்தது. அன்றிரவே பிரெஞ்சுப் பிரதமர் ரேனோ பதவி விலகியதால் அது கைகூடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1946 செப்டம்பர் 19இல், ஜூரிக் பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சில், ஐரோப்பிய ஐக்கிய நாடுகள் போன்ற ஓர் அமைப்பு வேண்டும் என்றார். அதற்கு முதல் படி பிரான்சும் ஜெர்மனியும் கைகோப்பது என்றார். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கேட்டவர்கள் அதிர்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்தப் பேச்சின் முடிவை மாணவர்களுக்கு நிறுத்தி, நிதானமாகச் சொல்ல வேண்டும். அதில் பிரிட்டனுக்கு என்ன இடம்? காமன்வெல்த்தோடும் அமெரிக்காவோடும் சேர்ந்து, புதிய ஐரோப்பாவின் நண்பனாக, ஆதரவாளனாக நிற்கும் இடம். உறுப்பினராக அல்ல. கல்யாணத்தை முன்னின்று நடத்தி வைக்கும் பெரியவர் மணமேடையில் மாப்பிள்ளையாக உட்காருவதில்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

அப்போது ஆட்சியில் இருந்தது சர்ச்சில் அல்ல, அட்லியின் தொழிற்கட்சி. அதன் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். மேற்கு ஐரோப்பாவை ஒன்றாகக் கட்ட அவர் செய்தது கொஞ்சமல்ல. 1947இல் பிரான்சுடன் டன்கிர்க் ஒப்பந்தம், 1948இல் பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம், மார்ஷல் உதவியைப் பகிர்வதற்கான ஐரோப்பியப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு, 1949இல் நேட்டோ. இவை எல்லாவற்றிலும் பிரிட்டன் முன்வரிசையில் இருந்தது. அரசுகள் கூடிப் பேசி, அவரவர் சம்மதித்ததை அவரவர் செய்வது என்றால் பிரிட்டன் எதற்கும் தயார். அரசுகளுக்கு மேலே ஓர் அதிகாரம் அமர்ந்து உத்தரவிடும் என்றால் தயங்கியது. 1949 மே 5இல் லண்டனில் கையெழுத்தான ஐரோப்பிய கவுன்சில், சட்டம் இயற்றும் அதிகாரமில்லாத விவாத மன்றமாக அமைந்ததில் பெவினின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த வேறுபாட்டை மட்டும் மாணவர் பிடித்துக்கொண்டால் போதும், மீதிப் பாடம் தானாக நடக்கும். ‘கூடிப் பேசும் அமைப்பு’, ‘மேலிருந்து ஆணையிடும் அமைப்பு’ என்று இரண்டு தலைப்புகளில் கரும்பலகையைப் பிரித்து, ஒவ்வொரு அமைப்பும் எந்தப் பக்கம் வரும் என்று கேட்கிறேன்.

இரண்டாம் பக்கத்தில் முதலில் வந்தது 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் வெளியிட்ட திட்டம். வகுத்தவர் ஜீன் மோனே. பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியும் எஃகும் ஒரே உயர் அதிகார அமைப்பின் கீழ் வரும். விரும்பும் மற்ற நாடுகளும் சேரலாம். பீரங்கி செய்ய எஃகு வேண்டும், எஃகு செய்ய நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவாகிவிட்டால் ஒருவரை ஒருவர் எதிர்த்துப் போருக்கு ஆயத்தமாவதே முடியாத காரியம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்சசனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெவினிடம் யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. அவருக்கு வந்த கோபம் கடுமையானது. என் பார்வையில் அது இயல்பான கோபமும்கூட.

அடுத்த மூன்று வாரங்கள் கடிதப் போக்குவரத்து. பேச்சுவார்த்தைக்கு வருகிறோம், ஆனால் உயர் அதிகார அமைப்பு என்ற கொள்கையை முன்கூட்டியே ஏற்க மாட்டோம் என்றது பிரிட்டன். கொள்கையை ஏற்றால்தான் பேச்சு என்றது பிரான்ஸ். கடைசியில், ஜூன் 2 இரவு 8 மணிக்குள் பதில் வேண்டும் என்று கெடு வைத்தது.

அந்த நாளில் லண்டன் இருந்த நிலையைப் பாருங்கள். பிரதமர் அட்லியும் நிதியமைச்சர் கிரிப்ஸும் விடுமுறையில் பிரான்சில். பெவின் மருத்துவமனையில். அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் ஹெர்பர்ட் மாரிசன். வெளியுறவுத் துறை இணையமைச்சர் கென்னத் யங்கர் அவரைத் தேடிப் போனபோது அவர் ஓர் உணவகத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ‘இது நடக்காது, டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர்கள் ஏற்க மாட்டார்கள்’ என்ற பொருளில் சொன்னார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. ஏற்கனவே ஒரு கதையில் ஏமாந்தவள் என்பதால் இதையும் எச்சரிக்கையோடே சொல்கிறேன். இது அப்போது உடனிருந்தவர்களின் நினைவு வழியாக வந்தது. அமைச்சரவைக் கூட்டக் குறிப்பு முன்வைக்கும் காரணம் வேறு: விவரம் தெரியாமல், விளைவு தெரியாமல், ஒரு கொள்கைக்கு முன்கூட்டியே கட்டுப்பட முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டு, எது உண்மைக் காரணமாக இருக்கும் என்று மாணவர்களைக் கேளுங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர், “ரெண்டும்தான் டீச்சர். ஒண்ணு வெளிய சொல்றதுக்கு, ஒண்ணு உள்ள இருக்கிறது” என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளைகள்.

டர்ஹாம் என்றால் என்ன என்பதற்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தின் வடகிழக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மாவட்டம், தொழிற்கட்சியின் கோட்டை. 1926இல் பிரிட்டன் முழுவதும் நடந்த பொது வேலைநிறுத்தம் ஒன்பதே நாளில் கைவிடப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் மேலும் பல மாதங்கள் தனியாகப் போராடி, பட்டினியில் தோற்று, குறைந்த கூலிக்கும் கூடிய வேலை நேரத்துக்கும் திரும்பினார்கள். அடுத்த இருபது ஆண்டுகள் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: சுரங்கம் முதலாளிகளிடமிருந்து நாட்டுக்கு வர வேண்டும். 1947 ஜனவரி 1 அன்று அது நடந்தது. இந்தச் சுரங்கம் இனி மக்கள் சார்பில் தேசிய நிலக்கரி வாரியத்தால் நிர்வகிக்கப்படும் என்ற பலகை ஒவ்வொரு சுரங்கத்தின் வாசலிலும் நடப்பட்டது. ஏறத்தாழ 7 லட்சம் தொழிலாளர்கள். அந்தப் பலகையின் பெயின்ட் மங்குவதற்குள், சுரங்கத்தைப் பற்றிய பெரிய முடிவுகளை லண்டனுக்கு வெளியே ஒரு குழு எடுக்கும், அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது என்று யார் போய்ச் சொல்வது? அதுவும் 1950 பிப்ரவரித் தேர்தலில் வெறும் 5 இடப் பெரும்பான்மையோடு தப்பிப் பிழைத்த அரசு.

இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “அப்போ இது திமிரா டீச்சர், பயமா?” முன்னெல்லாம் நான் சொன்ன பதிலை அண்ணனோ அக்காவோ சொல்லித் தெரிந்துகொண்டு வந்திருந்தான் போலும்.

இன்னொரு பக்கம் வணிகக் கணக்கு. அன்று பிரிட்டனின் ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி காமன்வெல்த், ஸ்டெர்லிங் நாடுகளுக்குப் போனது. ஆறு நாடுகளுக்குச் சென்றது பத்தில் ஒரு பங்கு அளவே. மேற்கு ஐரோப்பாவின் நிலக்கரியில் ஏறத்தாழ பாதியை பிரிட்டனே தோண்டி எடுத்தது. போரில் நொறுங்கிய ஆறு நாடுகளோடு தன் செழிப்பான தொழிலை ஏன் கலக்க வேண்டும் என்று ஒரு கணக்குப்பிள்ளை கேட்டால் அன்றைய தாளில் பதில் இல்லை. காமன்வெல்த் என்ற சொல்லும் அன்று வெறும் நினைவுச்சின்னம் அல்ல. குடியரசாக மாறவிருந்த இந்தியா அதில் நீடிக்க வழிசெய்த லண்டன் பிரகடனம் வெளியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஐரோப்பாவைவிட ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்துமே மொழியாலும் வாழ்க்கை முறையாலும் நமக்கு நெருக்கம் என்று அதே ஜூன் மாதம் தொழிற்கட்சி ஒரு சிறு வெளியீட்டில் சொன்னது.

எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சி என்ன செய்தது? பேச்சுவார்த்தையிலாவது கலந்துகொள்ளுங்கள் என்றது. 1950 ஜூன் 26 அன்று, புதிதாக வென்று வந்த 33 வயது உறுப்பினர் எட்வர்ட் ஹீத் நாடாளுமன்றத்தில் தன் முதல் உரையிலேயே அதை வலியுறுத்தினார். 1973இல் பிரிட்டனை ஐரோப்பியச் சமூகத்தில் சேர்த்த பிரதமர் இவரே. ஆனால் 1951 அக்டோபரில் அதே கட்சி ஆட்சிக்கு வந்ததும் கொள்கை ஓர் அங்குலமும் அசையவில்லை. ஜூரிக்கில் முழங்கிய சர்ச்சில், நவம்பரில் அமைச்சரவைக்கு எழுதிய குறிப்பில், நாம் உதவுவோம், பங்களிப்போம், ஆனால் கரைந்துவிட மாட்டோம் என்ற கருத்தைப் பதிவு செய்தார். ஐரோப்பியக் கூட்டாட்சியில் சேர முடியாது என்பதை நாங்கள் எலும்பின் ஆழத்தில் உணர்கிறோம் என்று 1952 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் ஈடன் நியூயார்க்கில் பேசினார். எதிர்வரிசையில் பேசியது வேறு, ஆளும் வரிசையில் செய்தது வேறு. ஆகவே சுரங்கத் தொழிலாளர் மட்டுமே காரணம் என்று நிறுத்திக்கொண்டால் அதுவும் பிழை.

இனி வகுப்புச் செயல்பாடு. வகுப்பை அமைச்சரவையாக மாற்றினேன். ஒரு குழு டர்ஹாம் தொழிலாளர், ஒரு குழு நிதித்துறை, ஒரு குழு எதிர்க்கட்சி, மீதிப்பேர் அமைச்சர்கள். விதி ஒன்றே ஒன்று: 1950 ஜூன் 2க்குப் பிறகு நடந்த எதையும் யாரும் பேசக்கூடாது. இந்த விதியைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. “பின்னாடி ஜெர்மனி நம்மள முந்திடும்” என்று எதிர்க்கட்சிக் குழு மாணவி சொன்னவுடன் ‘செல்லாது’ என்று பலகையைத் தட்டினேன். அவள் உடனே மாற்றிக்கொண்டாள்: “அமெரிக்கா இந்தத் திட்டத்த ஆதரிக்குது. நாம அமெரிக்காவுக்குக் கடன்பட்டிருக்கோம்.” அது 1950இலேயே தெரிந்த உண்மை. 1946இல் வாங்கிய கடன் 375 கோடி டாலர்.

36 பேரில் 27 பேர் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். பிறகு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினேன். நெதர்லாந்துக்கும் இதே தயக்கம் இருந்தது; ஆனால் அது, ‘பேச்சுக்கு வருகிறோம், கொள்கை நடைமுறைக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் விலகும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்ற நிபந்தனையோடு கையெழுத்திட்டது. அந்த வழி பிரிட்டனுக்கும் திறந்திருந்ததா என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. சற்று முன் ‘வேண்டாம்’ என்று முழங்கிய தொழிலாளர் குழுத் தலைவன், “இத ஏன் டீச்சர் முதல்லயே சொல்லல?” என்று உண்மையாகவே கோபப்பட்டான். மறு வாக்கெடுப்பில் 21 பேர் நிபந்தனையோடு சேரலாம் என்றார்கள்.

ஒரு பாடவேளை இதற்குப் போதாது. இரண்டு வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்த முதல் இரண்டு நாளை இதற்கு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் முடிவில், பிரெதர்ட்டன் கதையை நான் பல ஆண்டுகள் தவறாகச் சொல்லி வந்ததை வகுப்பில் ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் உண்மையில் எழுதியதையும் சொன்னேன். 1955 ஜூனில் ஆறு நாடுகளும் மெசினாவில் கூடி, பொதுச்சந்தை பற்றி ஆராய ஸ்பாக் தலைமையில் குழு அமைத்தன. பிரிட்டனையும் அழைத்தன. இம்முறை முன்நிபந்தனை எதுவும் இல்லை. பிரிட்டன் அமைச்சரை அனுப்பாமல் அதிகாரியை அனுப்பியது. நிதியமைச்சர் பட்லர் இதை ஏதோ தொல்லியல் அகழாய்வு என்று கேலி பேசினார். அந்த நிலையிலும் ஆகஸ்டில் பிரெதர்ட்டன் லண்டனுக்கு எழுதினார்: இந்த மாநாட்டின் முடிவுகளை நாம் விரும்பிய திசையில் திருப்பும் வலிமை நமக்கு இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தினால் முடிவுகளுக்கு நாமும் ஓரளவு பொறுப்பேற்க வேண்டி வரும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். ஏளனம் செய்தவர் என்று நான் நடித்துக் காட்டிய மனிதர் உண்மையில் வாய்ப்பைக் கண்டு சொன்னவர். லண்டன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1957 மார்ச் 25இல் ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது, பிரிட்டன் இல்லாமல்.

என் தீர்ப்பை மாணவர்களிடம் மறைக்கவில்லை. 1950இன் மறுப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கெடு வைத்த விதமும் சரியில்லை, கையில் இருந்த கணக்கும் மறுப்பின் பக்கமே சாய்ந்தது. 1955இன் மறுப்பை அப்படிப் பார்க்க முடியவில்லை. நிலக்கரி, எஃகு சமூகம் மூன்று ஆண்டுகளாக இயங்கிக் காட்டியிருந்தது, ஜெர்மனியின் தொழில் எழுந்துவிட்டது, கதவும் திறந்திருந்தது. பழைய விடையையே புதிய கேள்விக்கும் எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது. இதை ஏற்காத மாணவர்களும் இருந்தார்கள், காரணத்தோடு.

பிறகு நடந்ததை வேகமாகச் சொன்னால் போதும். 1960இல் வேறு ஆறு நாடுகளோடு சேர்ந்து போட்டியாக ஒரு தடையற்ற வணிக அமைப்பை பிரிட்டன் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1961 ஜூலை 31 அன்று, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர விண்ணப்பிக்கப் போவதாகப் பிரதமர் மேக்மில்லன் அறிவித்தார். நம் தேயிலைக்கும் துணிக்கும் பிரிட்டனில் இருந்த வரிச்சலுகை என்னாகும் என்ற கவலை இந்தியாவுக்கு வந்தது அப்போதுதான். 1962 செப்டம்பரில் லண்டனில் நடந்த காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் நேரு தன் ஐயங்களை வெளிப்படையாகவே சொன்னார். 1963 ஜனவரி 14 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தெ கோல் பிரிட்டனுக்கு ‘முடியாது’ என்றார். 1967இல் மீண்டும் அதே பதில்.

அடுத்த ஆண்டு தெ கோலின் இருக்கையில் ஒரு குழுவை உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். 1963க்குப் பிறகு நடந்ததைப் பேசக்கூடாது என்ற விதியோடு. இந்த ஆண்டு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது டர்ஹாம் குழுவில் இருந்த ஒரு மாணவி வராந்தாவில் பின்னாலேயே வந்தாள். “ஒரு நாள் சாயங்காலத்துல முடிவெடுத்துட்டாங்க. அந்தச் சுரங்கத்துல வேல செஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா டீச்சர்?”

“அன்னைக்கு எட்டு மணிக்குள்ள பதில் சொல்லணும்மா. கேக்க நேரம் இல்ல.”

“அதுக்கு முன்னாடி மூணு வாரம் இருந்துச்சே” என்றாள்.